நாகராசு பையில் நீலச் சேலை

ஜெகதாப்பட்டினத்தில் கடலுக்குப் போகிற ஆம்பிளைகளோடு சோற்றுத் தூக்கு மட்டும் போகாது. ஒரு துணிப்பையும் போகும். கைலி, சட்டை, பேஸ்ட், சுகர் மாத்திரை. இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போனால் ஜெயிலில் மாற்றிக் கட்ட வேண்டுமே! இதை யாரும் அழுதுகொண்டு செய்வதில்லை. பிள்ளைகளுக்கு டிபன் கட்டுவது மாதிரிதான்.

விசைப்படகு டிரைவர் நாகராசுவுக்குப் பை கட்டுகிறவள் அவன் பெண்டாட்டி பொன்னுத்தாய். இறால் ஷெட்டில் எறாத் தலை கிள்ளுகிற வேலை அவளுக்கு. வாயும் அப்படித்தான், சுத்தமாகக் கிள்ளிவிடும்.

போன வருசம் அந்தப் பைக்கு வேலை வந்தது. மறுபடி மாட்டினால் வருசக்கணக்கில் உள்ளேதான் என்று எச்சரித்துத்தான் நாகராசுவை விட்டார்கள். அப்படியிருக்க, மீன்பிடிப் படகுகளுக்குக் காவலாக நம் கடற்படைக் கப்பலை நிறுத்த அரசு முடிவு செய்திருப்பதாக டிவியில் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"இனிமே பை வேணாம் பொன்னு. நம்ம கப்பலு காவலுக்கு நிக்கப்போவுது."

"எங்கிட்டு நிக்குதுன்னு கேட்டீங்களா?"

"கடல்லதான். பின்ன ஒங்கப்பன் வீட்டு வாசல்லயா நிக்கும்?"

சாயங்காலம் ஏலக்கூடத்தில் மீட்டிங். ஆபீசர் ஒருவர் கடல் படத்தை விரித்து விளக்கினார். பொன்னுத்தாய் எழுந்தாள்.

"சார், கப்பலு எதுவரைக்கும் வரும்?"

"நம்ம எல்லை வரைக்கும்மா."

"எறா எல்லைக்கு அங்கிட்டுல கெடக்கு. எங்க வீட்டு மனுசன் தாண்டுனா?"

"தாண்டுனா நாங்க ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

"அத மொதல்ல சொல்லுங்க சார். டிவில பாதிதான் சொன்னாக."

கூடமே சிரித்தது. நாகராசு மட்டும் சிரிக்கவில்லை.

"மானத்த வாங்கிட்டடி" என்று வீடு வரை முனகினான். "கொஞ்சம் தள்ளிப் போனா என்னா? கப்பலு கண்ணுக்குத் தெரியுற தூரந்தான?"

"கப்பலப் பாத்துக்கிட்டே ஜெயிலுக்குப் போங்க."

மறுநாள் காலையில் தூக்கோடு பையையும் நீட்டினாள். பை வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது.

"வேணாம்னேன்ல?"

"கெடக்கட்டும். சோறா கேக்குது?"

அடுத்த நாள் விடிந்ததும் படகு கரைக்கு வந்தது. அதில் வேலை செய்கிற கோபிநாத் சிரித்துக்கொண்டே முதலில் குதித்தான்.

"மதினி! எல்லைகிட்டப் போனதும் அண்ணன் துண்டெடுக்கப் பையத் தொறந்தாரு. உள்ள ஒங்க நீலச் சேலை! ஜாக்கெட்டு, சீப்பு, தேங்கா எண்ணெ! 'இவ எங்கடா கெளம்புறா'ன்னாரு. 'ஜெயிலுக்குத்தாண்ணே, ஒங்களத் தனியா விட மாட்டாக போல'ன்னேன். அம்புட்டுத்தான், படகத் திருப்பிட்டாரு. எல்லைக்கு இங்கிட்டேதான் வலை போட்டோம்."

கூடையில் எறா கொஞ்சம்தான். மற்றதெல்லாம் பொடி மீன். நாகராசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பையை அவள் கையில் திணித்தான்.

"ஜெயிலுக்கும் வந்து உசுர வாங்கணுமா?"

"அங்க மட்டும் ஒங்கள நிம்மதியா விட்டுருவேனா?"

சேலையை எடுத்து மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"ஒரு நாளைக்கே இந்தக் கவிச்சியா! அடுத்த தடவ பழைய சேலைதான் வெப்பேன்."