முட்டைக்கு மஸீனா ராத்தா சொன்ன விலை

முட்டை விற்கிற மஸீனா ராத்தாவை நான் முதலில் கண்டது முள்ளியவளைச் சந்தையில், 2023 தொடக்கத்தில். முஸ்லிம் அக்காமாரை இங்கே ராத்தா என்போம். விலைவாசி எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் ஆய்வொன்றில் எனக்கு ஆறு மாத வேலை. வியாழன்தோறும் சந்தைக்குப் போய், சாமான் விற்கிற விலையை எழுதி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"முட்டை என்ன விலை?"

ராத்தா அட்டையைப் பார்த்தார். ஐம்பத்தெட்டு என்று எழுதியிருந்த மட்டையைக் கவிழ்த்து வைத்தார்.

"நாற்பத்தினாலு, சேர்."

அது அரசாங்கத்தின் கட்டுப்பாட்டு விலை; கூட விற்றால் வழக்கு. பக்கத்தில் நின்ற தேநீர்க்கடை நாகேஸ்வரி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன ராத்தா, இப்பதானே ஐம்பத்தெட்டு எண்டனீங்கள்? சேரைக் கண்டவுடன உங்கட கோழியளுக்கும் பயம் வந்திட்டுதோ? சரி, சேர் நிக்கேக்கையே எனக்கு முப்பது தாங்கோ."

ராத்தா முப்பதையும் எண்ணிக் கொடுத்தார். பின்னால் வந்தவர்களும் அதே விலைக்கு வாங்கினார்கள்.

நான் வழக்குப் போடுகிற அதிகாரி இல்லை, உண்மை விலையைச் சொன்னால் போதும் என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வயல் கூலிக்குப் போன என் அப்பாவை ஒருவரும் 'சேர்' என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் எனக்கு இனித்தது. படிவத்தில் நாற்பத்தினாலு என்று எழுதினேன்.

ஐந்து வியாழன் இப்படியே போனது. "சேர் வாற நேரம் பாத்துத்தான் நானும் வாறனான்" என்று நாகேஸ்வரி அக்கா பகிடி விட்டார். "உம்மட பக்கம் முட்டை விலை இறங்கிட்டுது, நல்ல விசயம்" என்றார் எங்கள் மேற்பார்வையாளர். அதற்கும் ஓம் என்றேன்.

ஆறாம் வியாழன் ராத்தா சந்தைக்கு வரவில்லை. விசாரித்துக்கொண்டு நீராவிப்பிட்டியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். கோழிக்கூடு வெறுமையாகக் கிடந்தது. ராத்தா எனக்கு இருக்கக் கதிரை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார். சிறுமியாய் இருந்தபோது இடம்பெயர்ந்து புத்தளம் போனது, யுத்தம் முடிந்து கணவரோடு திரும்பியது, அவர் மௌத்தாகித் தனித்த பிறகு அறுபது கோழிகளை நம்பி இரண்டு பிள்ளைகளைப் படிப்பித்தது. ஒரே வருடத்தில் கோழித்தீன் மூன்று மடங்கு விலை ஏறியிருந்தது.

"நாற்பத்தினாலுக்கு வித்தாத் தீனுக்கே காணாது சேர். கூட வித்தா நீங்க கோட்டுக்கு ஏத்துவீங்க. அதான் எல்லாத்தையும் இறைச்சிக்குக் குடுத்திட்டன்."

"ராத்தா, நான் பிடிக்கிற ஆள் இல்லை. விலையை எழுதுறது மட்டும்தான் என்ர வேலை."

அவர் கூட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, தம்பி."

ஐந்து வாரமும் நான் எழுதியது பிழை என்று அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். அறிக்கை ஏற்கெனவே வெளியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று பதில் வந்தது. கோழிக்குஞ்சு வாங்கக் கொஞ்சக் காசு கொண்டு போனேன். ராத்தா வாங்கவில்லை, தேத்தண்ணி மட்டும் தந்து அனுப்பினார்.

இப்போது மஸீனா ராத்தா முல்லைத்தீவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் நாட்கூலிக்கு ரொட்டி போடுகிறார். காலை ஐந்து மணி பஸ்ஸில் போய் மாலையில் திரும்புகிறார். கோழி வளர்ப்பதில்லை.