அடுப்புக்குப் பின்னால் கவிழ்த்த போத்தல்

ஐம்பதுகளின் கடைசியில் இலங்கையில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். என் மனைவி கொழுந்து பறித்தாள். எனக்குத் தொழிற்சாலை மாடியில் இலை வாட்டும் வேலை. பத்திரிகை வேலைக்கு நான் போனது அதற்குப் பிறகு.

முதல் தடவை அவள் முழுகாமல் இருந்தபோது இரண்டாம் மாதமே லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டோம். அது தங்கவில்லை. கண் பட்டுவிட்டது என்றாள். இந்தத் தடவை மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்வதில்லை என்று தீர்மானித்தோம். கண் படுவதை நான் நம்பினேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. மறுத்துப் பேசவில்லை.

பிள்ளைத்தாய்ச்சி என்று தெரிந்தால் கங்காணி லயத்துக்குப் பக்கத்திலேயே சமதளமான இடத்தில் வேலை கொடுப்பார். தெரியாததால் அவள் மற்றவர்களோடு உச்சி மலைக்கு ஏறினாள்.

மருத்துவச்சி மாதம் ஒரு வியாழன் தோட்டத்து மருந்துச்சாலைக்கு வருவார். முதன்முதலாகப் போகிறவர்கள் சுத்தமான போத்தலில் சிறுநீர் கொண்டுபோக வேண்டும். பக்கத்துக் காம்பிரா வீட்டில் போத்தல் கேட்டால் எதற்கு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வட்டகொடைக்கு நடந்துபோய்த் தேநீர்க் கடையில் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். அவள் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, அடுப்புக்குப் பின்னால் கவிழ்த்தாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. மருந்துச்சாலைக்குப் போகக் கணக்கப்பிள்ளை துண்டு எழுதித் தர வேண்டும். வியாழன் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னாலும் நானே கேட்பதாக ஏற்பாடு. அன்றோடு மூன்று மாதம் முடிகிறது. "சம்சாரம் முழுகாம இருக்காங்க, துண்டு வேணுங்க" என்று வாட்டு மாடியில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை பீலியடியில் நாங்கள் தண்ணீர் பிடிக்கையில் பக்கத்துக் காம்பிராக்காரி அவளிடம் கேட்டாள்: "என்னடி, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? புருசன் சோறு போடலியா?"

"அவரு ஆக்குன சோத்தத் தின்னுதான் வெளுத்துட்டேன்க்கா."

இருவரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்தும் சிரித்தார்கள்.

புதன் மதியம் என்னைக் கூப்பிட ஆள் வந்தது. உச்சி மலையில், கூடை நிறைந்திருந்தபோது, அவளுக்கு இரத்தம் போகத் தொடங்கியிருந்தது. இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கில் வைத்து நான்கு பெண்கள் தூக்கி வந்தார்கள். முன்பக்கம் பிடித்திருந்தவள் பக்கத்துக் காம்பிராக்காரி.

"சொல்லியிருந்தா ஒங்கூடைய நான் சொமந்திருப்பேனேடி" என்றாள். அதையே காம்பிரா வாசல்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

வியாழன் விடியும்போது அவளுக்கு உடம்பு கொதித்தது. "பெரட்டுக்குப் போங்க, நேரமாச்சு" என்றாள். போனேன். பனியில் பெண்கள் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. துண்டு வேண்டும் என்றேன்.

கணக்கப்பிள்ளை நிமிராமல் கேட்டார். "யாருக்கு? என்னத்துக்கு?"

"சம்சாரத்துக்குங்க. காய்ச்சல்."

அப்படியே எழுதிக் கொடுத்தார்.