தம்பி என் மடியில் இருந்தான்

இன்று காலை காரில் கிளம்பும்போது, அண்ணன் மகள் தன் கைக்குழந்தையைப் பத்து வயதான மூத்த மகளின் மடியில் வைத்தாள்.

"டிக்கில குழந்தை சீட்டு கிடக்குல்ல, அத மாட்டு" என்றேன்.

"இந்தா இங்கன உச்சிப்புளிக்குத்தான போறோம் அத்தை. அவ நல்லாப் புடிச்சுக்குவா."

அறுபதுகளில் ஒரு நாள், அப்போது எனக்கும் பத்து வயது. மண்டபத்துக்கு ஒரு வாடகைக் காரில் ஒன்பது பேர் போனோம். கதவோரம் நான், என் மடியில் எட்டு மாதத் தம்பி சேவியர்.

மாடு குறுக்கே வந்ததும் டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பினார். சரியாகச் சாத்தாத கதவு திறந்துகொண்டது. விழாமலிருக்க ஒரு கையால் சீட்டைப் பிடித்தேன். மறு கையில் தம்பியின் சட்டை மட்டும் சிக்கியது. பிறகு அதுவும் நழுவியது.

டிரைவர்தான் ஓடிப்போய்த் தூக்கிவந்தார். "உசுரு இல்லம்மா" என்று அம்மாவிடம் கொடுத்தார்.

இதைச் சொன்னதும் அண்ணன் மகள் இறங்கிப்போய் அந்தச் சீட்டை எடுத்துவந்து மாட்டினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் விட்டாய் என்று அம்மா சாகும்வரை என்னைக் கேட்கவே இல்லை.

நான் உங்களைக் கேட்கிறேன். உங்கள் காரில் குழந்தை யார் மடியில் இருக்கிறது?