நட்ட வயலைப் பிடுங்கிக் கொடுத்தவன்

காலையில் வாசல் கதவைத் திறந்தால் மைதாப் பசை வாசனை. மதில் முழுக்கத் தேர்தல் சுவரொட்டி, மறுபடியும் அந்த மனிதரின் முகம், கும்பிட்ட கையோடு. பசை காய்வதற்குள் கிழித்துவிடலாம் என்று சுரண்டினேன். பாதி மூக்குதான் வந்தது. சனியன், அதுவும் என் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

மைதாப் பசை என்றாலே எனக்கு அவருடைய முதல் உள்ளாட்சித் தேர்தல்தான். நான் அப்போது விதைக்கடை வைத்த புதிது. நாலு பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள் என்கிற மிதப்பு வேறு. கடை வாசலிலேயே அடுப்பு மூட்டி அவருக்குப் பசை காய்ச்சியவன் நான். சிரிக்காதீர்கள், இன்னும் இருக்கிறது.

சம்பா நடவு நேரம். வேட்பாளர் நாற்று நடுகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார்கள். என் வயலில் அன்று மதியமே நட்டு முடித்தாகிவிட்டது. அதனாலென்ன? வரப்போரம் நட்டிருந்ததைப் பிடுங்கச் சொல்லி அவருக்கு இடம் செய்து கொடுத்தேன்! தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவன் செய்கிற காரியமா இது?

நடும்போது பின்னால் பின்னால்தான் நகர வேண்டும். இவர் கேமராவைப் பார்த்து முன்னால் நடந்தார். நட்டதெல்லாம் அவர் காலடியிலேயே சேற்றுக்குள் போனது. நடவு ஆட்களைக் கூட்டி வரும் சரோஜாக்கா மட்டும்தான் வாய் திறந்தார். "என்னங்கய்யா, நட்டதையே மிதிச்சுக்கிட்டுப் போறீங்க? சரி, எங்க வடிவாய்க்காலத் தூர் வாருவீங்களா, அதச் சொல்லுங்க."

அவர் சிரிப்பு மாறவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இந்தம்மாவ யாரு அனுப்புனான்னு எனக்குத் தெரியும். உங்க நல்லதுக்குக் குறுக்க நிக்கிறவங்கள நீங்களே பாத்துக்குங்க." ஒரே கைதட்டல்.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? வாய்க்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, கேட்டவரை மட்டும் ஊருக்கு எதிரியாக்கிவிட்டுப் போகிறார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சும்மா இருங்கக்கா, பெரிய மனுஷன் சேத்துல எறங்கினதே பெருசு" என்று எல்லார் முன்னாலும் சரோஜாக்காவை அதட்டினேன். அப்புறம் தெருத்தெருவாகப் போய் ஓட்டும் கேட்டேன், மடையன்.

ஜெயித்தார். இரண்டாம் வருஷம் வடிவாய்க்காலை மண்ணடித்து மூடி, அதன்மேல் கல்யாண மண்டபம் கட்டினார். அந்தத் தை மாத மழைக்குத் தண்ணீர் வடிய வழியில்லை. சரோஜாக்கா குத்தகைக்கு எடுத்திருந்த வயலில் முற்றின கதிர் சாய்ந்து, தண்ணீரிலேயே முளைவிட்டது. அதை ஒரு கூடை அள்ளிக்கொண்டு போய் அந்த ஆளின் வீட்டு வாசலில் நின்றார். கேட்டைத் திறக்கவில்லை, பாவிகள். அடுத்த போகத்தில் குத்தகையும் கைவிட்டுப் போயிற்று. இப்போது அதே மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிறார்.

வந்த கோபத்தில் இன்று நேரே அங்கே போனேன். "அக்கா, இந்தத் தடவை அவன விடக் கூடாது. நீங்க வந்து நாலு கேள்வி கேளுங்க" என்றேன். கை வேலையை நிறுத்தவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"எனக்கென்னங்க தெரியும்? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வாய்க்காலையும் வயலையும் அவன் தின்றான். அத்தனை பேருக்கு நடுவில் நின்று கேட்ட அந்த மனுஷியின் வாயை அடைத்தது நான்தான்.