அண்ணன் பக்கத்துக் கைகாட்டி

அந்தப் பழைய ரயில்பாதையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. டிரைவர் "தங்கச்சி" என்பார். அவர் கூடப்பிறந்த அண்ணன், கூப்பிடலாம். அதைக் கேட்டுக் கேட்டு டிக்கெட் கிழிக்கிற பெண்ணிலிருந்து பெட்டி துடைக்கிற பெரியவர் வரைக்கும் எல்லாரும் அவளைத் தங்கச்சி ஆக்கிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய வயதில் ஊருக்கே தங்கச்சி! சிரித்துக்கொள்வாள். கோபம் வந்தால் ஊரையே திட்டவும் திட்டுவாள்.

வாரநாட்களில் பல் டாக்டரிடம் வேலை. வருகிறவர்களை உட்காரவைத்து வரிசைப்படி உள்ளே அனுப்ப வேண்டும். சனி, ஞாயிறு நீராவி எஞ்சினில் ஃபயர்மேன். கரி அள்ளி அடுப்பில் போடுவதும் பாய்லரில் தண்ணீர் குறையாமல் பார்ப்பதும் அவள் பொறுப்பு. சம்பளமா? மூச்! பெரிய ரயில்வே கைகழுவிய பாதையைக் கிறுக்குப் பிடித்த ஒரு கூட்டம் விடாப்பிடியாக ஓட்டிக்கொண்டிருந்தது. குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வந்து ஏறிப் போய்த் திரும்பின. திங்கட்கிழமை நகக்கண்ணில் கரியோடு போய் நிற்பாள். "கையுறை மாட்டிக்கங்கம்மா. வர்றவங்க ஊசியைவிட உங்க நகத்துக்குத்தான் பயப்படுறாங்க" என்பார் டாக்டர்.

அண்ணன் லாரி ஓட்டி ஓய்ந்தவர். அண்ணி போன பிறகு தங்கை வீட்டு மாடியில் குடியேறினார். ஏறினாரே தவிர இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு மாடிக்குப் போய் அப்படியே திரும்பி வரும். அவள்தான் ஒரு சனிக்கிழமை அவரை அடித்துப் பிடித்து எஞ்சின் கொட்டகைக்கு இழுத்துப் போனாள். பழகி, பரீட்சை எழுதி, டிரைவர் ஆனார். எஞ்சினுக்கு நீராவி விடுகிற கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் மனிதர் மறுபடி நாலு வார்த்தை பேசினார், நாலு பருக்கை தின்றார். அந்தக் கைப்பிடி அவருக்கு என்ன என்று வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும்.

குளிர்காலத்தில் ரயில் ஓடாது. ஓடாத காலத்தில்தான் இடுப்பு ஒடியும். பாய்லரைத் திறந்து உள்ளே படிந்திருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். குழாய் குழாயாகத் தூரிகை விட்டுப் புகைக்கரி எடுக்க வேண்டும். அப்புறம் இன்ஸ்பெக்டர் வந்து, சுத்தியலால் தட்டித் தட்டி, மருமகன் வீட்டு விருந்தில் குற்றம் பார்க்கிற மாமனார் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் சரி என்பார். அந்த வருடம் கூடுதலாக ஒரு வேலை சேர்ந்தது. பாலத்து வளைவில் நின்ற கைகாட்டி மரத்தின் அடி உளுத்துப்போயிருந்தது. கயிறு கட்டி இழுத்துச் சாய்த்துவிட்டு, பாலம் தாண்டி நேர்ப்பாதையில் புதுக் கம்பம் நட்டார்கள். கயிறு இழுத்தவர்களில் அண்ணனும் உண்டு, தங்கையும் உண்டு.

கைகாட்டியின் கை நீட்டியிருந்தால் நிற்க வேண்டும், இறங்கியிருந்தால் போகலாம். எஞ்சினில் இருவரில் யார் முதலில் பார்க்கிறாரோ அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் கண்ணாலும் பார்த்த பிறகே அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பார்க்காமல் சொன்னால் அதைவிடப் பெரிய பாவம் அந்தப் பாதையில் கிடையாது.

வசந்தத்தில் முதல் ஓட்டம். பெட்டிகள் நிறையக் கூட்டம். அடுப்பு மக்கர் பண்ணியது. அவள் குனிந்து கரியைத் தள்ளிக்கொண்டே, பாலத்துத் தடதடப்பு காலில் தட்டியதும், இத்தனை வருடப் பழக்கத்தில் தலையைக்கூடத் தூக்காமல் "இறங்கியிருக்கு!" என்றாள்.

"இறங்கியிருக்கு!" என்றார் அண்ணன்.

நிமிர்ந்தாள். வளைவில் வெறும் புல். கம்பமே இல்லை. அடக் கடவுளே, நாமே பிடுங்கிப் போட்ட கம்பமாயிற்றே என்று சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் வாய் மூடிக்கொண்டது. அவள் பார்க்காமல் சொன்னாள், சரி, அது அவள் தப்பு. இவர் வெளியே தலையை நீட்டி, பார்த்துக்கொண்டே அல்லவா சொன்னார்?

அவரும் பழக்கத்தில் உளறியிருப்பார் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு கைகாட்டிக்கு வேண்டுமென்றே வாய் திறக்காமல் இருந்தாள். கை இறங்கித்தான் இருந்தது. ஆனாலும் அண்ணன் வேகத்தைக் குறைத்தார். "என்னம்மா, வாயில கொழுக்கட்டையா? சொல்லேன்" என்றார். அதற்கடுத்த வாரம், இறங்கியிருந்த கையைப் பார்த்தபடியே "நீட்டியிருக்கு!" என்றாள். "நீட்டியிருக்கு!" என்று பிரேக்கைப் பிடித்தார். இத்தனை நாளும் ரயிலை ஓட்டியது அவர் கண் இல்லை, இவள் வாய்.

சொன்னால் அவரைக் கீழே இறக்கிவிடுவார்கள். அப்புறம் மாடி, தட்டு, சுவர். சொல்லாவிட்டால் பின்னால் பெட்டி பெட்டியாகக் குழந்தைகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்.

கோடை முழுக்க அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தாள். கரி போடுவதும் ஓடிப்போய்த் தலையை நீட்டுவதுமாக அல்லாடியதில் அடுப்பு கவனிப்பாரில்லாமல் போயிற்று. மேட்டில் நீராவி போதாமல் ரயில் முக்கி முனகி நின்றது. "தங்கச்சிக்கு வயசாயிடுச்சு, கை ஓஞ்சுபோச்சு" என்று கொட்டகையில் கிண்டல் பண்ணினார்கள். ஆவி குறையவே விடாதவள் என்று பெயரெடுத்தவள் அவள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள்.

இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை. தண்டவாளம் பழுது பார்க்கிறவர்கள் பாதையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய மேஸ்திரி சிவப்புக் கொடியை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக்கொண்டிருந்தார், அதுவும் எஞ்சினில் அண்ணன் உட்காரும் பக்கமாகவே நின்றுகொண்டு. அவள் அடுப்பிலிருந்து நிமிர்ந்தபோது கொடி கிட்டத்தில் இருந்தது. "அண்ணா, நிறுத்து! நிறுத்து!" என்று அலறினாள். வண்டி கிறீச்சிட்டு நின்றது. உயிர் தப்பத் தாண்டிக் குதித்த ஆட்கள் சரிவில் கிடந்தார்கள்.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று மேஸ்திரி கத்தினார்.

"வெயில் கூசுச்சுப்பா" என்றார் அண்ணன்.

வானம் மூடிக் கிடந்தது. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு அவள்மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீட்டில் புருஷனிடம் கொட்டினாள். கரி படிந்த குளியலறைக்காக வருடக்கணக்கில் புலம்பிய மனிதர் அன்றைக்கு ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. "மச்சான் எனக்கும் வேண்டியவர்தான். ஆனா நீ சொல்றியா, நான் போய் மேனேஜர்கிட்டச் சொல்லட்டுமா?" என்றார்.

அவள் மாடிக்குப் போனாள். அண்ணன் எகிறினார். "என் கண்ணு எனக்குத் தெரியாதா? குளிர்காலத்துலதானே கண் டெஸ்ட்ல பாஸ் பண்ணேன்? வேணும்னா ஒப்பிக்கிறேன் பாரு!" என்று சுவரைப் பார்த்தபடி, கண் டாக்டர் அறையில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் மளமளவென்று மனப்பாடமாக ஒப்பித்தார். முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது.

"நாளைக்குக் காலையில கொட்டகையிலேர்ந்து எஞ்சின் மட்டும்தான் ஸ்டேஷனுக்குப் போகுது. பெட்டியும் இல்ல, ஜனமும் இல்ல. நான் வாயே திறக்க மாட்டேன். நீ ஓட்டு" என்றாள்.

மறுநாள் கிளம்பினார்கள். ஸ்டேஷனுக்கு வெளியே கைகாட்டி வெகு தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது: இறங்கியிருந்தது. அண்ணன் தலையை நீட்டினார், கண்ணைச் சுருக்கினார், கைக்குட்டையால் துடைத்தார். எஞ்சின் ஊர்ந்தது, அப்புறம் நின்றே போயிற்று. கைகாட்டி அறைக்காரர் ஜன்னலைத் திறந்து, "என்னய்யா, வழி விட்டுட்டேனே, பூஜை போட்டாத்தான் வருவீங்களா?" என்று குரல் கொடுத்தார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நாக்கு துடித்தது. அவள் கரி அள்ளுகிற ஷவலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தெரியலம்மா" என்றார் அண்ணன். "கம்பம் தெரியுது. கை தெரியல. ரெண்டு வருஷமாச்சு. நரம்புல கோளாறாம், கத்தி வச்சாலும் பிரயோஜனமில்லையாம்." கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன் குரல் இருக்கேன்னு ஓட்டினேன். நீயே போய்ச் சொல்லிடு. என் வாயால முடியாது."

அவள்தான் போய்ச் சொன்னாள். தெரிந்தே ஓட்டவிட்டதையும் மறைக்காமல் சொன்னாள். மேனேஜர் குய்யோ முறையோ என்று கத்தினார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். உன்னை என்ன செய்வது என்று குளிர்காலத்தில் முடிவு பண்ணுகிறேன் என்றார். காத்திருக்கிற கூட்டத்துக்கு அன்றைக்கு வேறு ஃபயர்மேனும் கிடையாது, அதனால் அவளையே ஏறச் சொன்னார். லீவில் தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு டிரைவரை எழுப்பி வரவழைத்தார்கள். ரயில் தாமதமாகக் கிளம்பியது. அண்ணன் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, வண்டி போகிற பக்கமாக முகத்தை வைத்திருந்தார். ஏறச் சொன்னாள். தலையாட்டி மறுத்துவிட்டார்.

புது டிரைவர் கெட்டிக்காரர். பாலம் தாண்டியதும் அவள் எட்டிப் பார்த்து, "இறங்கியிருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அடுத்த கைகாட்டிக்கும் அதே கத்தல். அதற்கடுத்ததற்கும்.

டிரைவர் காதைத் தேய்த்துக்கொண்டு திரும்பினார். "ஏன் தங்கச்சி இப்படிக் கத்துறீங்க? எனக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

அவள் ஷவலைக் கீழே போட்டுவிட்டு, அவர் பார்க்கப் பார்க்கவே அழுதாள்.