கூடத்துச் சிமெண்டில் பனியாற்றின் தடம்

எங்கள் சாந்தோம் வீட்டுக் கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே திசையில், ஒட்டி ஒட்டி. தரையை மாற்ற வந்த மேஸ்திரி, "இன்னாம்மா, பீரோவ இஸ்தீங்களா?" என்றார். பனியாறு போன வழி என்று சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். சும்மா தலையாட்டி வைத்தேன்.

அப்போது யுத்த காலம். நான் கல்யாணமாகி வந்து வருஷம் திரும்பவில்லை. என் நாத்தனார் பூகோளம் படித்துக்கொண்டிருந்தாள். முந்தின வருஷம் வாய்மொழித் தேர்வில் தவறிவிட்டாள். மலைப் பள்ளத்தாக்கைப் பனியாறு செதுக்குவதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தவளிடம், "கல்லைவிட ஐஸ் மிருதுவானது. அது எப்படிக் கல்லை அறுக்கும்?" என்று குறுக்கே கேட்டார்களாம். கலர் சோடாவில் தவிர ஐஸையே பார்க்காதவள் வாயடைத்து நின்றிருக்கிறாள். புரியாத படிப்பு எதற்கு என்று மாமனார் வரன் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மறு தேர்வு ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாளே மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. நிச்சயமாகிவிட்டால் பெண் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் என்னை ஐஸ் வாங்கிவர அனுப்பினாள். "யாருக்கும்மா ஜொரம்?" என்று ஐஸ் வண்டிக்காரர் கேட்டார். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஐஸ் வாங்குவது நோயாளியின் தலையில் வைக்கத்தான். ஏதோ ஒரு பொய் சொல்லி, மரத்தூள் ஒட்டிய கட்டியைக் கோணியில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

சமையலறைத் தரை சொரசொரப்பு, அதில் கீறல் விழுந்தாலும் தெரியாது என்று கூடத்துக்கு வந்துவிட்டாள். சிமெண்டு குதிரைக் கொம்பாக இருந்த நாளில், வரப்போகிறவர்களுக்காக மாமனார் அலைந்து திரிந்து போட்ட புதுத் தரை அது. "வேண்டாம்மா, அப்பா கொன்னுடுவார்" என்றேன். அவள் காதில் விழவில்லை. முதலில் ஐஸை வெறுமனே தள்ளினாள். ஈரம்தான் மிஞ்சியது. பிறகு அடியில் கடற்கரை மணலை அப்பி, மேலே குழவிக்கல்லை வைத்து அழுத்தித் தள்ளினாள். கறகறவென்று சத்தம் வந்தது. நிமிர்ந்தால் வாசலில் மாமனார்.

"என்ன இது?"

அவள் எழுந்திருக்கவில்லை. "வெறும் ஐஸ் வழுக்கிட்டுப் போயிருச்சுப்பா, ஒரு கோடுகூட விழல. அறுக்கிறது ஐஸ் இல்ல. அது பிடிச்சு இழுத்துட்டுப் போற கல்லுதான்."

அதோடு நிறுத்தவில்லை. ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு அடியில் குறுகலாக இருக்கும், பனியாறு அதை அடியும் பக்கமும் அரைத்துத் தொட்டி மாதிரி அகலமாக்கும் என்றாள். கிளைப் பள்ளத்தாக்குகள் அத்தனை ஆழம் வெட்டுப்படாமல் மேலேயே நின்றுவிடும், அங்கிருந்துதான் அருவி விழும் என்றாள். ஐஸ் உருகி நின்ற இடத்தில் மணல் சின்ன வரப்பாகக் குவிந்து கிடந்தது. "சுமந்து வந்ததை இப்படித்தான்பா கடைசியில போட்டுட்டுப் போகும். இந்த மேட்டையும் கீறலையும் வச்சே பனி எந்தப் பக்கம் போச்சுன்னு சொல்லிடலாம்."

மாமனார் குனிந்து அந்த வரப்பை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் அவரே அந்த இடத்தில் பாய் விரித்தார். சரி, மறைத்துவிட்டார், இனி எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். நாத்தனார் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா உட்காரும்போது பாய் நகர்ந்தது. "புதுத் தரையாச்சே, யாரு கீறினது?" என்றார்.

நான் காபித் தட்டை அவர்கள் முன்னால் வைத்தேன்.

"என் மக பரீட்சைக்குப் படிச்ச இடம்" என்றார் மாமனார். "நாளைக்கு அவளுக்குப் பரீட்சை. அது முடியட்டும், மத்ததைப் பேசிக்கலாம்."

அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். திங்கட்கிழமை அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லையாம். இருந்தும் தேறினாள். ஊர் ஊராகப் போய்க் கடைசிவரை பூகோளம் சொல்லிக் கொடுத்தாள். அவள் காலமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போதும் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தால் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வேன்.

அந்த ஒரு முழத்தை மட்டும் தொடாமல் விடச் சொன்னேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே சுற்றிலும் அளந்து கோடு போட்டார். பனி எந்தப் பக்கம் போனதென்று, அவள் சொன்ன மாதிரியே, நான் குனிந்து பார்த்தேன். கீறல்கள் உள்ளறைப் பக்கம் தொடங்கி வாசலைப் பார்த்துப் போகின்றன.