சட்டைப் பையிலிருந்த மாத்திரை

ஆபரேஷன் தியேட்டர் கதவைச் சாத்தியதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. உள்ளே என் வீட்டுக்காரர். முட்டத்துக் கடற்கரையில் வள்ளம் தள்ளித் தள்ளியே வந்த குடலிறக்கம். சின்ன ஆபரேஷன்தான் என்றார்கள். அறுப்பதில் எனக்குப் பயமில்லை, அவருடைய பிரஷரில்தான் பயம். அவர் அண்ணன் பிரஷர் ஏறித்தான் ஒரு பக்கம் விழுந்து, இன்றைக்கும் படுக்கையில் கிடக்கிறார். போன முறை இவருக்கும் பிரஷர் கூடியிருக்கிறது என்று தியேட்டர் வாசலிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த முறை மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார். பச்சைத்தண்ணீர்கூடக் கூடாது, ஆனால் பிரஷர் மாத்திரையை மட்டும் காலையில் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கியே ஆக வேண்டும். எனக்கும் பிரஷர் உண்டு. இருவருக்கும் ஒரே மாத்திரை, ஒரே டப்பா. விடிந்ததும் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு ஜெபமாலையைத் தேடப் போனேன்.

பங்குச்சாமியார் வந்து நன்மை கொடுப்பதாக ஏற்பாடு. நற்கருணையை எங்கள் பக்கம் நன்மை என்போம். சாமியார் வரப் பிந்திவிட்டது. அதற்குள் தள்ளுவண்டி வந்துவிட்டது. "சாமி வரட்டும்" என்று முரண்டு பிடித்தவரை நான்தான் அதட்டி ஏற்றி அனுப்பினேன்.

வராந்தாவில் அங்கும் இங்குமாக நடந்தேன். தலை கனத்தது. பெஞ்சில் இருந்த ஒருத்தி, "அக்கா, கொஞ்சம் இரியுங்க. ஒங்களப் பாத்துப் பாத்து எனக்குத் தல சுத்துவு" என்றாள். உட்கார்ந்தேன். கை சும்மா இருக்குமா? அவர் கழற்றித் தந்த சட்டையை உதறி மடித்தேன். பையில் ஏதோ தட்டுப்பட்டது. காகிதத்தில் சுருட்டிய மாத்திரை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நன்மை வாங்குமுன் பல்லில் தண்ணீர்கூடப் படக்கூடாது என்பது எங்கள் ஊர்ப் பழைய ஆட்களின் பிடிவாதம். வாங்கிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று மனுஷன் பொத்தி வைத்திருக்கிறார்! கடலில் அத்தனை சாமர்த்தியம், கரையில் இப்படி ஒரு மடையன். கோபம் வந்தது. அதைவிடப் பயம் வந்தது.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். நர்ஸ் எட்டிப் பார்த்தாள். மாத்திரையை நீட்டினேன்.

"அவரு மாத்திர திங்கல்ல மக்கா! இன்னா இருக்கு பாரு!"

உள்ளே போய்விட்டு வந்தாள். "பிரஷர் ஏறினத டாக்டரம்மா அப்பவே பாத்துட்டாங்க. ஊசி வழியா மருந்து குடுத்து எறக்கிட்டு இருக்காங்க. நீங்க சொன்னதும் நல்லதாப் போச்சு."

இறக்கிட்டு இருக்காங்க என்றால் இறங்கியதா, இல்லையா? அதற்குள் கதவைச் சாத்திவிட்டாள். ஜெபமாலையில் எந்த மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் மறுபடியும் நடந்தேன். அண்ணனின் கோணிய வாய்தான் கண்ணில் நின்றது.

கடைசியில் டாக்டரம்மாவே வெளியே வந்தார். பிரஷர் இறங்கிவிட்டது, ஆபரேஷன் முடிந்தது, கண் விழித்துவிட்டார், போய்ப் பாருங்கள் என்றார். கும்பிட்டேன். நேராக அவர் கட்டிலுக்குப் போய் மாத்திரையை மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இத ஏன் திங்கல்ல?"

"நன்மைக்கு முன்னால எப்பிடிட்டி..." நாக்கு வறண்டு குழறியது.

"மருந்துக்கு வெலக்கு உண்டுண்ணு சாமி எத்தன மட்டம் சொல்லியிருக்காரு! ஒங்களுக்கு ஒண்ணு ஆயிருந்தா நான் என்ன செய்வேன்?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் என்னையே பார்த்தார். "நீ தின்னியாட்டி?"

அவரோடு சேர்ந்து நானும் நன்மை வாங்கலாம் என்று என் மாத்திரையைத் தொடாமலே டப்பாவை மூடி வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நர்ஸ் என் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றினாள். பார்த்துவிட்டு, பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள்.

சாமியார் வந்தபோது நாங்கள் அடுத்தடுத்துப் படுத்துக் கிடந்தோம். விஷயத்தைக் கேட்டவர் நன்மைச் சிமிழைத் திறக்கவில்லை. என் கையில் இன்னும் இருந்த மாத்திரையைப் பார்த்தார். தண்ணீர் தம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார்.